எழுபத்து மூன்றை மறைத்த மகனுக்கு

தம்பி,

நீ இதை வாசிக்கிற நேரத்தில் நம் தோட்டத்துக் கைப்பேசிக் குழுவில் இருக்கிற ஆட்கள் எல்லாரும் வாசித்துக்கொண்டிருப்பார்கள். அது தெரிந்துதான் சொல்கிறேன். என் கைக்கு எழுத்து வராது, உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு மங்களம் டீச்சர் தன் கைப்பேசியில் தட்டுகிறார். தட்டியதைத் திரும்ப வாசித்துக் காட்டுகிறார். என் பேச்சைக் கொஞ்சம் எழுத்துத் தமிழாக்கிக்கொள்கிறார், அதற்கு நான் தடை சொல்லவில்லை. ஆனால் விஷயத்தில் ஒரு நூல்கூடக் குறைக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆரம்பிக்கும் முன்பு அவர் கையை நிறுத்திக்கொண்டு, "அண்ணை, இதைக் குழுவில போடத்தான் வேணுமோ? தனிய அவருக்கு மட்டும் அனுப்புவமே" என்று கேட்டார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், தகப்பனார் மலாயாவுக்கு வந்து ரயில்வேயில் இருந்தவர், வீட்டு விஷயம் வீட்டோடு என்று வளர்ந்தவர். நான் சொன்னேன்: "அவன் மேடையில சொன்னான் டீச்சர். நான் மட்டும் காதுல சொல்லணுமா?" அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

குழுவில் இருக்கிற இளசுகளுக்கு என் எண்ணின் கதை பாதிதான் தெரியும். அதனால் முதலில் இருந்து சொல்கிறேன், நீயும் பொறுத்துக்கொண்டு வாசி. நான் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தவன் இல்லை. எண்ணக் கற்றது பெரட்டுக் களத்தில். விடிவதற்கு முன்னால் வேலையாட்களை எல்லாம் களத்தில் நிறுத்தி, தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி, செக்ரோல் என்கிற பேர்ப் புத்தகத்தைப் பார்த்து எண்ணும் பேருமாகக் கூப்பிடுவார். என் அம்மா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பாள். இரண்டு என்றால் கருப்பாயி, மூன்று என்றால் கோணவாய் முத்து, ஐந்து என்றால் வெற்றிலை மென்றபடி "இருக்கேன் ஐயா" என்கிற பொன்னுசாமி. மற்றவர்களுக்கு எண் என்றால் எழுத்து. எனக்கு எண் என்றால் முகம். இன்றைக்கும் யாராவது நாற்பத்தேழு என்றால் எனக்கு முதலில் தெரிவது அம்மைத் தழும்பு போட்ட ஒரு கன்னம்.

அம்மா நிரைக்குள் ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் இறக்கப் போய்விடுவாள், பால்மரம் வெட்டுவது என்போம். நான் மர நிழலில் ரப்பர் கொட்டைகளைப் பொறுக்கி நிரை கட்டி வைத்து விளையாடுவேன். மரங்கள் நிரையாக நிற்பதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு வேறு என்ன விளையாட்டு வரும்? பன்னிரண்டு கொட்டை இருந்தால் மூன்று நிரை, நிரைக்கு நான்கு. இல்லையென்றால் இரண்டு நிரை, நிரைக்கு ஆறு. சொன்ன பேச்சைக் கேட்கும். பதின்மூன்று கேட்காது. இரண்டு நிரை போட்டாலும் மூன்று போட்டாலும் நான்கு போட்டாலும் ஒன்று மிஞ்சி நின்று முறைக்கும். ஒரே நீட்டாக வைத்தால்தான் உண்டு. அப்படிப்பட்ட எண்ணுக்கு நான் 'அடங்காதது' என்று பேர் வைத்தேன். பல வருடம் கழித்து நீ தமிழ்ப்பள்ளியில் இருந்து வந்து, "அப்பா, இதுக்குப் பேரு பகா எண்" என்று சொன்னாயே, அன்றைக்கு எனக்கு ஏதோ காணாமல்போன பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடைத்த மாதிரி இருந்தது.

பத்தாயிரத்து ஒன்றுக்கு வருகிறேன். நான் பால் வெட்டிய ரப்பர் காட்டில் நூறு நிரை, நிரைக்கு நூறு மரம். துரை அப்படிக் கயிறு பிடித்து நட்டது. ஆக, பத்தாயிரம். கணக்கில் சேராத ஒரு மரம், கொட்டை தெறித்து விழுந்து தானாக முளைத்தது, கால்வாயின் அந்தப் பக்கம் நின்றது. அதையும் நான் வெட்டினேன், நல்ல பால். ஒரு நாள் பால் வடிகிற மங்குக் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது தோன்றியது: பத்தாயிரம் எவ்வளவு அடக்கமான எண், எத்தனை விதமாகவும் நிரை கட்டலாம். இந்த ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும்? இரண்டு நிரைக்கு ஒன்று மிச்சம். மூன்றுக்கு இரண்டு மிச்சம். ஏழுக்கு ஐந்து. பிடித்துக்கொண்டது. அதுதான் நமக்குக் கிடைத்த பெரிய அடங்காததோ என்று ஒரு மழைக்காலம் முழுக்க அதையே வகுத்தேன். ஒவ்வொரு எண்ணாகப் பார்க்க வேண்டியதில்லை என்று அப்போதே எனக்குத் தெரியும். இரண்டுக்கு அடங்காதது நான்குக்கும் அடங்காது, ஆறுக்கும் அடங்காது. அதனால் அடங்காதவற்றை மட்டும் கூப்பிட்டுப் பார்த்தால் போதும். நூறோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றும் தெரியும். நூற்றுக்கு மேல் நிரை, நிரையில் நூற்றுக்கு மேல் மரம் என்றால் குறைந்தது நூற்றொன்றை நூற்றொன்றால் பெருக்க வேண்டும், அது பத்தாயிரத்து இருநூற்றொன்று, நம் கணக்கைத் தாண்டிவிடுகிறது. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நீ இடைநிலைப் பள்ளியில் படிவம் இரண்டில் படிக்கும்போது உன் வாத்தியாரிடம் இதைச் சொல்லி, அவர் உன்னைக் கூர்ந்து பார்த்து, யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார் அல்லவா? "எங்க அப்பா, பால்மரம் வெட்டுறவரு" என்று சொன்னதாக வந்து சொன்னாய். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் எத்தனை வருடம் நடந்திருக்கிறேன் தெரியுமா?

பெரட்டு வரிசையில் நின்ற அடங்காதவர்களை ஒவ்வொருவராக மனசுக்குள் கூப்பிட்டேன். அறுபத்தேழு மாரிமுத்து, பதினெட்டு மிச்சம். எழுபத்தொன்று அஞ்சலை, நூற்று நாற்பது நிரை போட்டால் அறுபத்தொன்று மிச்சம். எழுபத்தொன்பது தொப்பை வீரன், நாற்பத்தேழு மிச்சம். எண்பத்து மூன்று, எண்பத்தொன்பது, தொண்ணூற்றேழு வரை போய்ப் பார்த்துவிட்டேன். யாருக்கும் அடங்கவில்லை. வீட்டுக்கு ஓடி உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் தட்டைத் தள்ளிவைத்து, "பத்தாயிரத்து ஒண்ணு இருக்கட்டும், சோறு ஒரு ஆளுக்குத்தான் இருக்கு, ஆறிப்போவுது" என்றாள். ஆனால் அடுத்த நாள் பெரட்டுக் களம் பூராவும் அவளே சொல்லிவைத்திருந்தாள். அன்றிலிருந்து எனக்குப் பட்டப்பேர் 'பத்தாயிரத்தொண்ணு'. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால், "அண்ணே, ஒங்க நம்பரு இன்னும் அடங்கலியா?" என்று கேட்பார்கள். "அது அடங்காதுலா" என்பேன்.

போன சனிக்கிழமை லகாட் ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் ராமையா தன் கைப்பேசியை என் முன்னால் நீட்டினான். என்னோடு அடுத்த நிரையில் வெட்டியவன், அவனை உனக்குத் தெரியும். தாப்பாப் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியின் பரிசளிப்பு விழாவில் நீ பேசிய வீடியோப் படம். சட்டை நன்றாக இருந்தது. மாலை போட்டிருந்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது, முதல் இரண்டு நிமிடம். பிறகு நீ சொன்னாய்: "எங்க அப்பா படிக்காதவரு. பத்தாயிரத்து ஒண்ணு ஒரு பகா எண்ணுன்னு அம்பது வருஷமா நம்பிக்கிட்டு இருக்காரு. ஆனா அது எழுபத்து மூணால வகுபடும். நான் பதினாலு வயசுலயே கண்டுபிடிச்சிட்டேன். இன்னிக்கு வரைக்கும் அவருகிட்ட சொல்லல. ஏன் தெரியுமா? சில சமயம் கணக்கவிட அன்பு பெருசு." கூட்டம் கை தட்டியது. முன் வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்ததைப் படம் பிடித்தவன் கிட்டே போய்க் காட்டினான்.

ராமையா சிரித்தான். "மச்சான், ஒன் பத்தாயிரத்து ஒண்ணு போச்சுலா." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, கைப்பேசியைக் கவிழ்த்து வைத்து, கேட்காமலே பால் இல்லாத கோப்பி ஓ ஒன்று வாங்கி வந்தான். நான் அதைத் தொடவில்லை. எழுபத்து மூன்றை நூறு நிரை போட்டேன், ஏழாயிரத்து முந்நூறு. மிச்சம் இரண்டாயிரத்து எழுநூற்றொன்று. அதற்கு முப்பத்தேழு நிரை போட்டேன். மிச்சம் பார்த்தேன். மிச்சம் இல்லை. மறுபடி போட்டேன். எழுபத்து மூன்று மரம் வைத்து நூற்று முப்பத்தேழு நிரை, ஒரு கொட்டை வெளியே நிற்கவில்லை. ஐம்பது வருடமாக அடங்காமல் இருந்தது கோப்பி ஆறுவதற்குள் அடங்கிவிட்டது. எண்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை தம்பி. அது எப்போதும் அப்படியேதான் இருந்தது, நான்தான் சரியாகக் கேட்கவில்லை. அது எனக்குப் பொய் சொல்லவில்லை.

நான் ஏன் எழுபத்து மூன்றைத் தவறவிட்டேன் என்பதையும் நீ மேடையில் சொன்னாய். அதை இங்கே நானே சொல்லிவிடுகிறேன், உன் வாய் வழியாக வந்தது போதும். எழுபத்து மூன்று என் அண்ணன், உன் பெரியப்பா. எனக்கு ஐந்து வயது இருக்கும்போது ஒரு புயல் மழையில் கிளை முறிந்து தலையில் விழுந்து நிரையிலேயே போய்விட்டான். பதினெட்டு வயது. ஒரு வாரம் கழித்துக் கிராணி அந்த எண்ணைப் புதிதாக வந்த ஒருவனுக்குக் கொடுத்தார். என் அம்மா வரிசையை விட்டு வெளியே வந்து, "அந்த நம்பருக்கு இன்னொருத்தன் 'இருக்கேன்'னு சொன்னா நான் கேட்டுக்கிட்டு நிக்க மாட்டேன் ஐயா" என்றாள். அவ்வளவுதான் பேசினாள். மற்றப் பெண்களும் வெளியே வந்து அவள் பின்னால் நின்றார்கள். அந்தக் கிராணி நல்ல மனுஷன். அன்றிலிருந்து எழுபத்திரண்டு, எழுபத்து நான்கு என்றுதான் கூப்பிட்டார்கள், அவருக்குப் பின்னால் வந்த கிராணிகளும். நான் எண்ணக் கற்றது அந்தப் பெரட்டில். எழுபத்து மூன்று என்ற எண்ணே தெரியாதவன் இல்லை நான், கடையில் எழுபத்து மூன்று காசு கேட்டால் எடுத்துக் கொடுப்பேன். ஆனால் மனசுக்குள் நான் கூப்பிடுகிற வரிசையில் அந்த இடத்தில் ஆள் இல்லை. அஞ்சலைக்குப் பிறகு தொப்பை வீரன். இதை உன் அம்மாவிடம் ஒரு முறை சொல்லியிருந்தேன், அண்ணன் செத்த கதையாக. அவள் உன்னிடம் சொல்லியிருக்கிறாள். நீ இரண்டையும் சேர்த்து விடையைக் கண்டுபிடித்திருக்கிறாய். கெட்டிக்காரன்தான். அப்பன் எந்த இடத்தில் குருடு, ஏன் குருடு என்று பதினாலு வயதில் கண்டுபிடித்த பிள்ளை, அதை முப்பத்திரண்டு வருடம் மடியில் வைத்திருந்து, கடைசியில் முன்பின் தெரியாத கூட்டத்துக்கு முன்னால் அவிழ்த்தாய். என் அண்ணனுக்கு அங்கே எதற்குக் கை தட்டல்?

உனக்கு நினைவிருக்கிறதா தெரியாது, எனக்கு இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் இருந்து நீ லீவுக்கு வந்திருந்தபோது, கோழிக் கூண்டுக்குக் கம்பி கட்டிக்கொண்டே நான் கேட்டேன், இந்தப் பகா எண்ணுக்கெல்லாம் ஒரு முடிவு உண்டா, கடைசி ஒன்று எங்கேயாவது நிற்கிறதா என்று. நீ இல்லை என்றாய். எப்படித் தெரியும் என்றேன். உனக்குத் தெரிந்த பகா எண் எல்லாவற்றையும் பெருக்கி, கூட ஒன்றைச் சேர், எதால் வகுத்தாலும் அந்த ஒன்று மிஞ்சும் என்றாய். எனக்கு உடனே பிடிபட்டது. "அப்ப அதுவே அடுத்த அடங்காததுலா" என்றேன். நீ கம்பியைப் பிடித்தபடி, "இல்லப்பா, அப்படிச் சொல்ல முடியாது. பாக்க அடங்காதது மாதிரி இருக்கும். ஆனா நமக்குத் தெரியாத ஒண்ணு உள்ள ஒளிஞ்சிருக்கலாம்" என்றாய். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாய். வாய் திறந்தது. பிறகு, "கம்பிய இழுத்துப் பிடிங்கப்பா" என்றாய். அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. இன்றைக்கு அந்த வாய் திறந்ததும் மூடியதும் கண் முன்னால் நிற்கிறது. அன்று சொல்லியிருந்தால் எனக்கு ஒரு நாள் வலித்திருக்கும். மறுநாள் இரண்டு பேரும் உட்கார்ந்து அடுத்ததைத் தேடியிருப்போம்.

சிம்பாங் பூலாயில் நீ வீடு கட்டிக் குடிபோன அன்று உன்னோடு வேலை செய்கிற விரிவுரையாளர்கள் வந்திருந்தார்கள். நீ என்னைத் தோளைப் பிடித்துக் கூட்டிப் போய், "அப்பா, ஒங்க நம்பரப் பத்திச் சொல்லுங்க" என்றாய். நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, நூறு நிரையில் இருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னேன். எல்லாரும் புன்னகையோடு கேட்டார்கள். எவ்வளவு மரியாதையான பிள்ளைகள் என்று உன் பெண்டாட்டியிடம் சொன்னேன், அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இன்றைக்கு அந்தப் புன்னகைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். அவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. உன் பெண்டாட்டிக்கும் தெரிந்திருக்கிறது. நீ ஒரு முறை சொன்னாயே, இரண்டு பெரிய பகா எண்ணைப் பெருக்குவது சுலபம், பெருக்கி வந்ததைப் பார்த்து எந்த இரண்டு என்று சொல்வதுதான் கஷ்டம், அதை வைத்துத்தான் கைப்பேசி ரகசியத்தை எல்லாம் பூட்டுகிறார்கள் என்று. அந்தப் பூட்டுக்குச் சாவி உன் கையில் இருந்தது, உன் சிநேகிதர்கள் கையில் ஆளுக்கொரு நகல் இருந்தது, பூட்டுக்குள் உட்கார்ந்திருந்தவன் நான் ஒருத்தன்தான்.

மங்களம் டீச்சர் இந்த இடத்தில், "அண்ணை, அவர் உங்களை நோகடிக்கக்கூடாது எண்டு நினைச்சிருப்பார்" என்கிறார். தெரியும் டீச்சர். அதுதான் நோகிறது. நான் தப்பாகச் சொன்னதைத் தாங்க மாட்டேன் என்று அவன் முடிவு செய்துவிட்டான். வெயிலிலும் மழையிலும் நாற்பது வருடம் வெட்டினவன், அண்ணனையும் அம்மாவையும் பெண்டாட்டியையும் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போனவன், ஒரு கணக்குத் தப்பானால் உடைந்துவிடுவான் என்று என் பிள்ளை என்னைப் பற்றி நினைத்திருக்கிறான். அப்படித்தான் தட்டுங்கள்.

இதை உனக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்று நான் யோசித்தேன். ரொம்ப நேரம் யோசிக்கத் தேவைப்படவில்லை. உன் அம்மா படுத்திருந்தபோது டாக்டர் நம் இரண்டு பேரையும் வெளியே கூப்பிட்டார். அவர் ஆங்கிலத்தில் சொல்ல, நீ எனக்குத் தமிழில் சொன்னாய். ஆறு மாதம்கூட இல்லை என்றாய். நான் உன் மணிக்கட்டைப் பிடித்து, "அம்மாகிட்ட மூச்சு விடாத" என்றேன். நீ, "அவங்க கேட்டா?" என்றாய். "வாயுன்னு சொல்லு" என்றேன். அவள் கேட்டாள். ஒரு முறை இல்லை. "ஏங்க, எனக்கு என்னங்க ஆச்சு, சொல்லுங்களேன்" என்று என் கையைப் பிடித்துக் கேட்டாள். "ஒண்ணுமில்ல, வாயு" என்றேன். நீ கட்டில் ஓரத்தில் நின்று, "வாயுதாம்மா" என்றாய். அந்தச் சமயத்தில் அவளும் தாப்பாவில் இருந்த தங்கச்சி செல்லம்மாவும் ஏழு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தார்கள், ஒரு கல்யாணத்தில் தாம்பூலத் தட்டை யார் முதலில் எடுப்பது என்ற சண்டை. உன் அம்மா படுக்கையில் இருந்துகொண்டு, "இந்த வாயு தீரட்டும், நானே போயி அவளப் பாத்துட்டு வாரேன்" என்று சொன்னாள். "ஆகட்டும், போலாம்" என்றேன். அவள் குணமாவதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள். குணமாகாது என்று தெரிந்த நாம் இரண்டு பேரும் அவள் காத்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிரேதத்தை எடுப்பதற்கு முன்னால் செல்லம்மா வந்தாள். அழவில்லை. என் எதிரில் வந்து நின்று, "மாமா, அவளுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "தெரிஞ்சிருந்தா அவ வந்திருப்பா. சொல்லியிருந்தா நானாவது வந்திருப்பேன். ரெண்டு பேத்தையும் நீங்க ஏமாத்திட்டீங்க மாமா" என்றாள். அதற்கு நான் இன்று வரை பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், செல்லம்மா இந்தக் குழுவில் இருக்கிறாள், வாசிப்பாள்: ஆமாம், ஏமாற்றினேன். அன்பு என்று நினைத்துக்கொண்டேன். அவள் முகத்தைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, அதுதான் நிஜம். என் பயத்துக்கு அவள்மேல் அன்பு என்று பேர் வைத்துவிட்டேன். தம்பி, நான் உனக்கு எத்தனையோ புத்தி சொல்லியிருக்கிறேன், நீ எதையும் கேட்டதில்லை. உன் மணிக்கட்டைப் பிடித்துச் சொன்ன இந்த ஒன்றை மட்டும் அட்சரம் பிசகாமல் கற்றுக்கொண்டாய். எண் விஷயத்தில் அதற்கும் முன்னாலேயே உனக்கு அந்தக் குணம் இருந்தது, அதற்குச் சரி என்று முத்திரை குத்தியவன் நான்.

இனி, நான் இதைச் சொல்ல வந்த காரணம். மூன்று வாரத்துக்கு முன்னால் என்னை ஆஸ்பத்திரிக்குப் படம் எடுக்கக் கூட்டிப் போனாய். வயிற்றில் கூழைத் தடவி ஒரு தரம், பிறகு குழாய்க்குள் தள்ளி ஒரு தரம். டாக்டர் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு உன்னோடு பேசினார். நான் கடிகாரம் பார்க்கத் தெரிந்தவன்தான், இருபத்தைந்து நிமிடம். நீ வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாய், சட்டைக் காலர் நனைந்திருந்தது. "என்னடா சொன்னாரு?" என்றேன். "ஒண்ணுமில்லப்பா, வயசாயிருச்சுல்ல, அதான்" என்றாய். காரில் வழி முழுக்க வானொலியை வைத்துக்கொண்டு வந்தாய், உனக்கு வானொலி பிடிக்காது. அடுத்த நாளில் இருந்து உன் பெண்டாட்டி நான் கேட்காத மீனை எல்லாம் பொரித்துக் கொடுத்தனுப்புகிறாள். போன வாரம் நீ வந்து, வருகிற செவ்வாய்க்கிழமை சும்மா ஒரு செக்கப் என்று சொல்லி, கட்டிக்கொள்ள இரண்டு சாரமும் ஒரு போர்வையும் எடுத்து வைக்கச் சொன்னாய். சும்மா செக்கப்புக்கு யாராவது போர்வை எடுத்துக்கொண்டு போவானா? ஏதோ ஒரு தாளில் என் கட்டைவிரலை வைக்கச் சொன்னாய். "என்ன தாளு இது?" என்றேன். "எல்லாருக்கும் வாங்குறதுதான்பா" என்றாய். நானும் வைத்தேன். அதற்குப் பிறகு ராமையா அந்த வீடியோப் படத்தைக் காட்டியிராவிட்டால் செவ்வாய்க்கிழமை உன் வண்டியில் ஏறியும் இருப்பேன். விரலை வைத்தவன், என் பிள்ளை எனக்குத் தெரியாமல் எதையும் செய்யமாட்டான் என்று நம்பியிருந்த கிழவன். அவன் இப்போது இல்லை.

எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன், தப்பானால் திருத்து. எனக்கு வயிற்றில் ஏதோ இருக்கிறது. அதை அறுக்கப் போகிறார்கள். அறுத்தாலும் பிழைப்பேனா என்பது சந்தேகம், இல்லாவிட்டால் நீ முகம் கழுவியிருக்க மாட்டாய். இதில் ஒவ்வொரு அடியும் நானாக வகுத்துப் பார்த்தது. ஆனால் எனக்குத் தெரியாத ஒன்று உள்ளே ஒளிந்திருக்கலாம். டீச்சர், "நான் உங்களைக் கூட்டிக்கொண்டு போறன், நாங்களே டாக்டரிட்டக் கேப்பம்" என்று சொன்னார். வேண்டாம் என்றேன். டாக்டர் வாயில் கேட்க எனக்கு வழி தெரியும், பஸ் ஏறத் தெரியும், மலாய் பேசத் தெரியும். இதை எனக்குச் சொல்ல வேண்டியவன் நீ. நீ சொல்லாமல் நான் தெரிந்துகொண்டால், மிச்சம் இருக்கிற நாள் எத்தனையோ அத்தனை நாளும் உன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் இன்னும் என்ன என்று தேடிக்கொண்டிருப்பேன். அப்படிச் சாக எனக்கு விருப்பமில்லை.

பயந்துவிடுவேன் என்று நினைக்காதே. பயப்படுவேன், அது என் பாடு. அந்த வீடியோப் படத்தைப் பார்த்த பிறகு மூன்று நாள் நான் எந்த எண்ணையும் தொடவில்லை. நாலாம் நாள் மறுபடி ஆரம்பித்தேன், இந்த முறை எழுபத்து மூன்றையும் வரிசையில் நிறுத்திக்கொண்டு. பத்தாயிரத்து மூன்று ஏழுக்கு அடங்கிவிட்டது. பத்தாயிரத்து ஐந்தைச் சொல்லவே வேண்டாம். பத்தாயிரத்து ஏழு நின்றது. ஏழுக்கு நான்கு மிச்சம், பதின்மூன்றுக்குப் பத்து மிச்சம், என் அண்ணனைக் கூப்பிட்டேன், ஆறு மிச்சம். தொண்ணூற்றேழு வரை இருபத்தைந்து பேரையும் கூப்பிட்டேன். டீச்சர் தன் கைப்பேசியில் தேடிப் பார்த்து, "பகா எண்தான் அண்ணை" என்றார். தப்பு என்று தெரிந்த பிறகு நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரிய வேண்டுமானால், இதுதான் செய்வேன். அறுக்கலாமா வேண்டாமா, ஆஸ்பத்திரியில் கிடப்பதா வீட்டில் கிடப்பதா, யாரைப் போய்ப் பார்க்க வேண்டும், யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், இதெல்லாம் என் கணக்கு. எண்ணை மறைத்துவிட்டு என்னைக் கணக்குப் போடச் சொல்லாதே. உனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் மணிக்கட்டையும் ஒரு நாள் நீ பிடிப்பாய். அன்றைக்கு என்ன சொல்லப் போகிறாய் என்பதை இப்போதே யோசித்து வை.

இன்றைக்கு வியாழக்கிழமை. திங்கட்கிழமை சாயந்திரம் வரை நான் வீட்டில்தான் இருப்பேன். வா. டாக்டர் கொடுத்த தாளைக் கொண்டு வா, என் கட்டைவிரல் இருக்கிற தாளையும் சேர்த்து. உட்கார்ந்து, டாக்டர் சொன்னதை முதலில் இருந்து, அவர் சொன்ன வரிசையிலேயே வாசி. அழுகை வந்தால் அழு, நிறுத்தாமல் வாசி. தாள் இல்லாமல் வந்தாலும் கதவு திறந்துதான் இருக்கும், சாப்பிட்டுவிட்டுப் போ. ஆனால் செவ்வாய்க்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு வராதே.

அப்பா